வண்டிப்பேட்டை இருந்த ஊரில் வண்டி நிறுத்த இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரியின் கிளையாறு ஒன்றின் கரையில், கோயிலைச் சுற்றி வளர்ந்த நகராட்சி ஊர் ஒன்றில், தேரோடும் கீழவீதியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பாத்திரக்கடை நடத்திவருகிறேன். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. ஓர் அலுவலகத்தின் மீதோ ஓர் அதிகாரியின் மீதோ புகார் சொல்வது என் நோக்கமன்று. நான்கு வீதிகளுக்குள் கோயிலும் கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் பேருந்துத் தடமும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற டெல்டா ஊர்க்காரர்கள் எவரும் இதைத் தங்கள் ஊர்க் கதையாகவே படிக்கலாம். வேகத்துக்கு வரம்பு விதிப்பதையும் வண்டி நிறுத்த இடம் ஒதுக்குவதையும் நகராட்சி சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். ஒன்றைப் போலீஸ் வேலையென்றும் மற்றொன்றைக் குத்தகை வருமானம் என்றும் பிரித்துப் பார்ப்பதால்தான் இரண்டுமே நடக்காமல் கிடக்கின்றன என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கடந்த தை மாதத்தில் ஒரு நாள் காலை, பள்ளி மணியடிக்கக் கால் மணி நேரம் இருந்தபோது, என் கடைக்கு எதிரில் ஒரு லோடு வேனை நிறுத்தி மளிகை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அரசு கொடுத்த சைக்கிளில் வந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வேனைச் சுற்றிக்கொண்டு போவதற்காக வீதியின் நடுப்பக்கம் வந்தாள். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்ததே தவிர வேகத்தைக் குறைக்கவில்லை. அதன் பக்கக் கண்ணாடி சைக்கிளின் கைப்பிடியில் தட்ட, அவள் விழுந்தாள், கார் போய்விட்டது. ஓடிப்போய்த் தூக்கினோம். முழங்கையிலும் முழங்காலிலும் சிராய்ப்பு; இடது மணிக்கட்டு எங்கள் கண்ணெதிரிலேயே வீங்கியது. அவளுடைய டிபன் பாக்ஸ் உருண்டுபோய் வடிகால் ஓரத்தில் வாய் திறந்து கிடந்தது. தயிர்ச்சாதமும் நார்த்தங்காயும் தார்ச்சாலையில் சிந்தியிருந்தன. அதை எடுத்துக் கழுவியபோதுதான் மூடியில் இருந்த பெயரைப் பார்த்தேன். அந்த எழுத்துகளை வெட்டியவன் நானே. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தாயார் என் கடையில் வாங்கி, முதலெழுத்தோடு சேர்த்துப் பெயர் வெட்டச் சொன்ன பாத்திரம் அது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க தாத்தா, அப்புறம் சைக்கிள்ல போகவே விடமாட்டாங்க" என்பதுதான் அழுகைக்கு நடுவே அவள் சொன்ன முதல் பேச்சு.

அந்தக் காரை ஓட்டியவர் தவறு செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரைத் திட்டிவிட்டு அமைதியாக இருக்க என்னால் முடியவில்லை. அந்த வேன் அந்த நேரத்தில் அங்கே நிற்கக்கூடாது என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. அந்தக் கார் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்றும் எங்கள் வீதியில் எந்தப் பலகையும் சொல்லவில்லை. மளிகைக் கடைக்காரருக்கு மூட்டை இறக்க வேறொரு நேரத்தையோ இடத்தையோ எவரும் ஒதுக்கித் தந்ததும் இல்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் முடிவெடுக்காமல் விட்ட இடத்தில் அந்தப் பிள்ளை விழுந்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று மாலையே கடைப் பையனை உதவிக்கு வைத்துக்கொண்டு வீதியை டேப் பிடித்து அளந்தேன். வடிகாலின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை 33 அடி. தேர் திரும்புவதற்கென்றே முன்னோர் விட்டுவைத்த அகலம் இது; குறுகலான வீதி என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் கடைப் படிகளும் தட்டிகளும் பக்கத்துக்கு மூன்றடியாக ஆறடியை எடுத்துக்கொள்கின்றன. இருபுறமும் செங்குத்தாக நிறுத்தப்படும் இருசக்கர வண்டிகள் பக்கத்துக்கு ஆறடியாகப் பன்னிரண்டு அடியை எடுக்கின்றன. எஞ்சுவது 15 அடி. அந்த வரிசைக்கு வெளியே ஒரு காரோ லோடு வேனோ நின்றால் ஏறத்தாழ ஆறடி போய்விடும். ஒன்பது அடி மிஞ்சும். பேருந்தின் அகலம் எட்டு அடிக்குச் சற்று அதிகம். ஆக, பேருந்து கடக்கும்போது சைக்கிளில் வரும் மாணவிக்கும் மருந்துக்கடைக்கு நடந்து வரும் முதியவருக்கும் இந்த வீதியில் முழுதாக ஓரடிகூட இல்லை. 33 அடி வீதியில் ஓரடி இல்லை என்பதை எழுதும்போதே மனம் பதைக்கிறது.

இதே வீதி, கடைகள் திறக்காத காலை ஏழு மணியிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஆளரவம் அடங்கிய இரவு ஒன்பதுக்கு மேலும் முழு அகலத்தோடு திறந்து கிடக்கும். அப்போது வண்டிகள் பறக்கின்றன. நெரிசலான நேரத்தில் வண்டி நிறுத்தம் பிரச்சினை, நெரிசல் இல்லாத நேரத்தில் வேகம் பிரச்சினை என்று இதைப் பலர் பிரித்துப் பேசுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வரும் நேரம் ஒன்று உண்டு. அதுதான் பள்ளி நேரம். நிற்கும் வேன் சுவர்போல் மறைக்க, அதன் முனையிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வர, வருகிற வண்டிக்கு நிற்க இடம் போதாமல் போகும் நேரம் அது.

நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது சாதாரணக் கணக்குதான். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 8.3 மீட்டர் நகர்கிறது. 50இல் போவது 13.9 மீட்டர் நகர்கிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஏறத்தாழ அந்த ஒரு நொடி கழிந்துவிடும். அதன்பின் சக்கரம் தேய்ந்து நிற்கும் தூரத்தையும் சேர்த்தால், ஈரமில்லாத தார்ச்சாலையில் 30இல் வருபவர் சுமார் 45 அடியிலும், 50இல் வருபவர் சுமார் 90 அடியிலும்தான் நிற்க முடியும். எங்கள் வரிசையில் ஒவ்வொரு கடையின் முகப்பும் 15 அடி. ஆகவே 30இல் வருபவர் மூன்று கடை தாண்டுவதற்குள் நின்றுவிடுவார். 50இல் வருபவருக்கு ஆறு கடை வேண்டும். நான்காவது கடை வாசலில் விழுந்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு என்னவென்று விளக்கத் தேவையில்லை. மோதும் வலிமையும் வேகம் கூடும் அளவுக்கு மட்டும் உயர்வதில்லை; 30க்கும் 50க்கும் இடையே அது ஏறக்குறைய 2.8 மடங்காகிவிடுகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்று உலக சுகாதார அமைப்பு தொடர்ந்து சொல்லிவருகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன; விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் நாடு முழுவதும் சாலையில் மாண்ட 1,68,491 பேரில் நூற்றுக்கு எழுபத்தொருவரின் மரணம் மிகைவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. நடந்து சென்றவர்களும் இருசக்கர வண்டியில் சென்றவர்களும் சேர்ந்து மொத்த இறப்பில் பாதிக்கும் மேல். எங்கள் கடைத்தெருவில் இருப்பவர்களும் இந்த இரண்டு வகையினர்தாம்.

வேகத்தைக் குறைத்தால் ஊரே நின்றுபோகும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் நான்கு வீதிகளின் மொத்த நீளம் சுமார் 1.2 கிலோமீட்டர். அதைச் சீராக 50இல் சுற்றிவர ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். 30இல் சுற்றிவர இரண்டு நிமிடம் இருபத்து நான்கு நொடி. வேறுபாடு ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிப்பதற்காகவா இவ்வளவும்?

இனி, இதை முடிவு செய்வது யார் என்ற கேள்விக்கு வருகிறேன். ஊருக்குள் நுழையும் பாலத்தருகே வட்டத்துக்குள் 30 என்று எழுதிய ஒரு பலகை உண்டு. ஆண்டில் பாதி நாள் அது பிறந்தநாள் வாழ்த்தோ கண்ணீர் அஞ்சலியோ தாங்கிய பேனருக்குப் பின்னால் இருக்கும். பாலம் தாண்டியதும் இன்னொரு பலகை 40 என்கிறது. இரண்டில் எது செல்லும் என்று அறிய, தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போட்டேன். முதல் அலுவலகம், அந்தச் சாலை தங்கள் பராமரிப்பில் இல்லை என்று பதில் அனுப்பியது. இரண்டாவது அலுவலகம், பலகை வைத்த பதிவேடு தங்களிடம் இல்லை என்றது. மூன்றாவது அலுவலகம், வேக வரம்பு நிர்ணயிப்பது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்றது. பதில் எழுதியவர்கள் மூவரும் மரியாதையாகவும் உரிய காலத்திலும் எழுதினார்கள், அதற்கு நன்றியுடையேன். ஆனால் மூன்று கடிதங்களையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, அந்த 30ஐ எழுதியவர் எவருமே இல்லை என்றாகிறது.

சட்டம் இவ்வளவு குழப்பமானதன்று. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 112ஆம் பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பையும் சாலையின் தன்மையையும் கருதி ஒரு பகுதியிலோ ஒரு சாலையிலோ வேகத்தைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கும், அது அதிகாரமளித்த அமைப்புக்கும் உரிமை தருகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள்: அரசிதழில் அறிவிக்கை வெளியாக வேண்டும், 116ஆம் பிரிவின்படி உரிய பலகை நாட்டப்பட வேண்டும். வண்டி நிறுத்துமிடங்களைப் பற்றிய 117ஆம் பிரிவோ, உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசித்தே அவற்றை முடிவு செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது, முதல் கோரிக்கையை எழுப்பவும் எந்தத் தெருவில் எந்த இடம் என்று வரைபடம் போட்டுக் கொடுக்கவும் நகர்மன்றத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு கூடுகிறது. அங்கே நகராட்சியின் தீர்மானம் ஒன்று போய்ச் சேர்ந்தால் காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வழியுண்டு. தீர்மானமே போகாவிட்டால் அவர்கள் எதைப் பேசுவார்கள்?

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையில் நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, இருசக்கர வண்டிக்கு 60 என்று உச்ச வேகம் குறிக்கப்பட்டது. அந்த அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. எண் எதுவாக இருப்பினும், அது அகலமான நகரச் சாலைகளுக்கும் பொருந்த எழுதப்பட்ட உச்சவரம்பு. வடம் பிடித்துத் தேர் இழுக்கும் வீதிக்கு எழுதப்பட்டதன்று. சென்னையிலேயே 2023 நவம்பரில் காவல்துறை புதிய வரம்புகளை அறிவித்தபோது குடியிருப்புப் பகுதித் தெருக்களுக்கு 30 என்றே வைத்தது. நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் வண்டிகளோடு கலந்து செல்லும் இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள் மாநாடும் பிரகடனம் செய்தது. நாங்கள் கேட்பது புதுமையான ஒன்றன்று.

வேக வரம்பு இல்லாத குறையை இப்போது வேகத்தடைகளை வைத்து ஈடுகட்டுகிறார்கள். இதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்திய சாலைப் பேராயம் வகுத்த அளவின்படி, வளைவான வேகத்தடை ஒன்று 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ளதாக, 17 மீட்டர் ஆரத்தில் தாழ்வாக எழுந்து தாழ்வாக இறங்க வேண்டும். அதன்மேல் 25 கிலோமீட்டர் வேகத்தில் உடம்பு குலுங்காமல் கடக்கலாம். எங்கள் பகுதியில் உள்ளவை பெரும்பாலும் ஒன்றரை அடி அகலத்தில் கரும்புக்கட்டைக் குறுக்கே போட்டதுபோல் நிற்கின்றன. வெள்ளைப் பட்டை கிடையாது. முன்கூட்டி எச்சரிக்கும் பலகை கிடையாது. கர்ப்பிணிப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவரைக் கேட்டால் இதன் துன்பம் தெரியும். ஒரு விபத்து நடந்தவுடன் மறியல் நடக்கிறது. மறியலைக் கலைப்பதற்காக அன்றிரவே ஒரு வேகத்தடை முளைக்கிறது. அதன் அளவைச் சரிபார்க்க மறுநாள் எவரும் வருவதில்லை. சாலை அமைப்பிலும் பராமரிப்பிலும் தரம் தவறியதால் மரணமோ உடல் ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கு 1 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு இடம் தருகிறது என்பதை உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

வண்டி நிறுத்தத்துக்கு வருகிறேன். இதில் வணிகர்களாகிய எங்கள் பங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "கட்டணம் போட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார், வாசலில் வண்டி நிறுத்த விடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்" என்று வணிகர் கூட்டங்களில் பேசியவர்களில் நானும் ஒருவன். அந்த மாணவி விழுந்த பிறகு ஒரு வாரம், கல்லாவில் உட்கார்ந்தபடியே, என் கடை வாசலிலும் இருபக்கத்துக் கடை வாசல்களிலும் நிற்கும் வண்டிகளை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். முதல் நாள் காலை பதினொரு மணிக்கு நின்ற பதினொரு வண்டிகளில் ஏழு, எங்கள் வரிசைக் கடைக்காரர்களுடையவையும் வேலையாட்களுடையவையும். அவை காலை ஒன்பதரைக்கு வந்து இரவு ஒன்பதுக்குத்தான் நகர்ந்தன. மற்ற நாள்களிலும் இதில் பெரிய மாற்றமில்லை. பத்து நிமிடத்தில் ஒரு குத்துவிளக்கோ குக்கர் கேஸ்கட்டோ வாங்கிப்போக வந்த வாடிக்கையாளர், எங்கள் வண்டிகளுக்கு வெளியே, வீதியின் நடுப்பக்கம் தம் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் செய்தது கட்டணமன்று, நாங்கள்தாம்.

இந்த ஊர்களுக்கு வண்டி நிறுத்தம் புதிதாக வந்த பிரச்சினையுமன்று. நெல்லும் வைக்கோலும் வாழைத்தாரும் மாட்டுவண்டியில் வந்த காலத்தில், சந்தைக்கு அருகிலோ ஊர் எல்லையிலோ வண்டிப்பேட்டை இருந்தது. வண்டியை அங்கே அவிழ்த்துவிட்டு, மாட்டைத் தொட்டியில் தண்ணீர் காட்டிக் கட்டிவிட்டு, ஊருக்குள் நடந்துதான் வந்தார்கள். 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமே வண்டிப்பேட்டை அமைக்கவும் அதற்குக் கட்டணம் வாங்கவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. எங்கள் ஊர் வண்டிப்பேட்டையில் என் தகப்பனார் கட்டணச் சீட்டு வாங்கியது எனக்கு நினைவிருக்கிறது. பச்சை நிறத் தாள், நடுவில் முத்திரை. மாட்டுவண்டி மறைந்தவுடன், இனி அந்த நிலத்துக்கு வேலை இல்லையென்று எண்ணி, அதில் வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். அதே ஆண்டுகளில்தான் மாட்டுவண்டிகளைப்போல் பல மடங்கு மோட்டார் வண்டிகள் ஊருக்குள் நுழைந்தன. வண்டிப்பேட்டை வேண்டாம் என்று எவரும் கூடித் தீர்மானிக்கவில்லை. அதன் வேலையை வீதி ஏற்றுக்கொண்டது, அவ்வளவே.

இப்போதுள்ள ஏற்பாடு ஆண்டுதோறும் ஏலம் விடும் குத்தகை. பேருந்து நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டோடும் சந்தைக் கட்டணத்தோடும் கடைத்தெரு வண்டி நிறுத்தக் கட்டணத்தையும் சேர்த்து ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர், கட்டிய தொகையை ஓராண்டுக்குள் திரும்ப எடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார். ஆகவே எத்தனை வண்டி நிற்கிறதோ அத்தனையும் அவருக்கு வருமானம். எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எவருடைய வழியை மறைக்கிறது என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டல்ல. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; ஏல நிபந்தனையில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை. கோடு போட்ட இடத்துக்கு மட்டுமே கட்டணம், கோட்டுக்கு வெளியே நிற்கும் வண்டிக்கு ரசீது போட்டால் குத்தகை ரத்து என்று ஒரு வரி சேர்த்தாலே பாதி நிலைமை மாறும்.

கட்டணத்தின் அமைப்பும் மாற வேண்டும். நாள் முழுவதற்கும் ஒரே தொகை என்பது, பத்து நிமிடம் நிற்பவரிடம் வாங்கி, பத்து மணி நேரம் நிற்பவருக்குக் கொடுப்பது போன்றது. முதல் அரை மணி நேரம் இலவசம். அதன்பின் மணிக்கு மணி ஏறும் கட்டணம். நாள் முழுக்க நிறுத்துவோருக்கு நான்கு வீதிகளுக்கு வெளியே, ஐந்து நிமிட நடையில், மலிவான மாதச் சீட்டோடு ஓர் இடம் என்று வைத்தால், வாடிக்கையாளருக்கு வாசலில் இடம் கிடைக்கும். எங்கள் வண்டிகளும் பாதுகாப்பாக நிற்கும். சரக்கு இறக்குவதைக் காலை எட்டு மணிக்கு முன்பும் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரையிலும் மட்டும் அனுமதிக்கலாம். கிடங்கிலிருந்து சரக்கு வரும் நேரத்தை மாற்றிக்கொள்ள எங்களால் முடியும். எல்லோருக்கும் ஒரே விதி என்று தெரிந்தால் எவரும் முரண்டு பிடிக்க மாட்டார்கள்.

கல்யாண மண்டபங்களைப் பற்றி ஒரு சொல். முகூர்த்த நாளில் எங்கள் தெற்கு வீதியின் நிலையை எழுதிக் காட்ட வேண்டியதில்லை. டெல்டாவில் உள்ளவர்கள் அனைவரும் அறிவார்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், இத்தகைய கட்டடங்கள் தம் மனைக்குள்ளேயே வண்டி நிறுத்த இடம் விட வேண்டும் என்கின்றன. வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டிய இடத்தில் பிற்பாடு பந்திக்கூடமோ வாடகைக் கடையோ வந்துவிடுகிறது. வரைபடத்துக்கு அனுமதி கொடுப்பது நகராட்சி. அதைக் கையில் வைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதும் அதன் வேலையே. புதிதாக ஒரு சென்ட் நிலம் வாங்காமல், அனுமதித்த இடங்களை மீட்டாலே கடைத்தெருவின் கார்களில் பெரும்பகுதி வீதியைவிட்டு இறங்கிவிடும்.

இடம் ஒதுக்குகிறோம் என்று தொடங்கினால் முதலில் தூக்கப்படுவது பூக்காரியின் கூடைதான் என்ற அச்சமும் எனக்கு உண்டு. கோயில் வாசலில் கதம்பம் கட்டி விற்கும் அம்மாள் எடுத்துக்கொள்ளும் இடம் நான்கடிக்கு மூன்றடி, பன்னிரண்டு சதுர அடி. அதில் ஒரு குடும்பம் பிழைக்கிறது. அவருக்கு எதிரில் ஆளில்லாமல் நிற்கும் கார் எழுபது சதுர அடிக்கும் மேல் அடைக்கிறது. ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வரும் வண்டி இதுவரை கூடையைத்தான் ஏற்றியிருக்கிறதே தவிரக் காரைத் தொட்டதில்லை. சாலையோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புத் தந்திருக்கிறது. வண்டி நிறுத்த வரைபடம் போடும்போது அவர்களுக்கான இடத்தை முதலில் குறித்துவிட்டு, மிச்சத்தில்தான் கோடு போட வேண்டும்.

நான்கு வீதிகளுக்கு வெளியே நிலைமை வேறு வகையானது. ஆற்றங்கரைமீதும் வாய்க்கால் கரைமீதும் போகும் எங்கள் சாலைகளுக்கு ஒதுங்க ஓரம் கிடையாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல். குறுவை, சம்பா அறுவடைக் காலங்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் முன்னால் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அறுவடை இயந்திரங்களும் டிராக்டர்களும் குறுக்கே வருகின்றன. பாதிச் சாலையில் நெல் காய்கிறது. விவசாயிக்குக் களமும் லாரிக்கு நிற்குமிடமும் இல்லாத குறையைச் சாலை சுமக்கிறது. அந்த இரண்டு மூன்று மாதங்களுக்கு மட்டும் கொள்முதல் நிலையத்துக்கு இருபுறமும் அரை கிலோமீட்டர் தூரத்துக்குத் தற்காலிக வேக வரம்பு வைத்து, இரவில் ஒளிரும் பலகைகளை நிறுத்தலாம். ஊராட்சிகள் கிராம சபையில் எடுத்துப் பேசவேண்டிய பொருள் இது.

நம்மால் முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதென்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேர் ஓடும் நாளில், அந்த நான்கு வீதிகளிலும் ஒரு வண்டி நிற்பதில்லை, மின்கம்பிகள்கூட அவிழ்க்கப்படுகின்றன. மின்வாரியமும் காவல்துறையும் நகராட்சியும் கோயில் நிர்வாகமும் யார் எந்த முனையில் நிற்பதென்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கின்றன. கும்பகோணத்தில் 2016இல் மகாமகம் நடந்தபோது வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து மக்களை அழைத்து வந்தார்கள். 1992 மகாமகத்தின் நெரிசலில் உயிர்கள் போனபிறகு கற்ற பாடம் அது. அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. அதற்காகச் சுற்றுவட்டாரத்தில் வண்டி நிறுத்தத் திடல்களை அமைக்கப் போகிறார்கள் என்றால், விழா முடிந்தவுடன் அவற்றைக் கலைத்துவிடாமல், அந்தந்த ஊருக்கு நிலையான வண்டிப்பேட்டையாக விட்டுவைக்கும் வகையில் இப்போதே இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் பதினான்கு பேர் கையெழுத்திட்டு, சென்ற வாரம் நகராட்சியில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறோம். நான்கு வீதிகளுக்கும் 30 கிலோமீட்டர் வரம்பு கோரி மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு மன்றத் தீர்மானம் அனுப்ப வேண்டும். அறிவிக்கை வந்ததும் பலகைகளைப் பேனர் மறைக்காத இடத்தில் நாட்ட வேண்டும். அடுத்த குத்தகை ஏலத்துக்கு முன் வீதிகளில் கோடு போட்டு, அந்த வரைபடத்தைப் பகுதி சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். சரக்கு இறக்கும் நேரத்தை நிர்ணயிக்க வேண்டும் என்பவை அதில் உள்ள கோரிக்கைகள். எங்கள் பதினான்கு கடைகளின் வண்டிகளையும் பழைய அரிசி ஆலைத் திடலில் நிறுத்திக்கொள்ள உரிமையாளரிடம் அனுமதி பெற்று, இந்த மாதம் முதல் தேதியிலிருந்து அங்கேதான் நிறுத்துகிறோம் என்பதையும் மனுவில் குறிப்பிட்டிருக்கிறோம். ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் முன் கூடவிருக்கும் மன்றக் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்த மனுவைச் சேர்க்குமாறு எங்கள் வார்டு உறுப்பினரைக் கேட்டிருக்கிறோம்; தங்கள் நாளிதழ் வழியாக மற்ற வார்டு உறுப்பினர்களையும் அதையே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாத்திரக்கடை வணிகர், கீழவீதி,
காவிரி டெல்டா.